லீஸ் குறைந்துவரும் ஃபிளாட்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை நீட்டிக்கும் முறை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பனையாகும் ஃபிளாட்களில் மிகப் பெரும்பாலானவை லீஸ்ஹோல்ட். விலை கொடுத்து வாங்குகிறோம், மோர்ட்கேஜ் கட்டுகிறோம், கூரை ஒழுகினால் பங்குப் பணமும் கொடுக்கிறோம். ஆனால் பத்திரத்தின்படி நம் கையில் இருப்பது இத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதிய உரிமைதான். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், கிராய்டன் பக்கங்களில் 1980களிலும் 90களிலும் 99 ஆண்டு லீஸில் போன ஃபிளாட்கள் பல இன்று அறுபது சொச்சம் ஆண்டுகளுக்கு வந்து நிற்கின்றன. விற்கப் போகும்போதுதான் பலருக்கும் இது தெரியவருகிறது. அப்போது செலவும் கூடிவிடுகிறது, அவகாசமும் இருப்பதில்லை.

1993ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் நமக்கு வலுவான ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது கட்டடத்துக்கும் நிலத்துக்கும் நிரந்தர உரிமையாளருக்கு, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், மீதமுள்ள காலத்தோடு இன்னும் 90 ஆண்டுகள் சேர்த்து, கிரவுண்ட் ரென்ட் (அவருக்கு ஆண்டுதோறும் கட்டும் நில வாடகை) இல்லாத புதிய லீஸை உரிய விலை கொடுத்துக் கேட்டு வாங்கலாம். 70 ஆண்டு மீதியிருந்தால் 160 ஆகும். இந்த உரிமையைப் பயன்படுத்தும் வழியில் கெடுத் தேதிகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஓராண்டு காத்திருப்பும் வீண் செலவும் தலையில் விழும். அதனால் இதில் சட்டத்தைவிட நாட்காட்டியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

இங்கே சொல்வது ஃபிளாட்களுக்கு மட்டும். லீஸ்ஹோல்ட் தனி வீட்டுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம், அதன் கணக்கு வேறு. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இது பொருந்தாது.

எத்தனை ஆண்டு மீதி?

வாங்கும்போது ஏஜென்ட் சொன்ன எண்ணை நம்பாதீர்கள். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசு இணையதளத்தில் 7 பவுண்டு கட்டினால் உங்கள் ஃபிளாட்டின் டைட்டில் ரெஜிஸ்டர் (உரிமைப் பதிவேடு) கிடைக்கும். லீஸ் பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் அதையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

பத்திரத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று கையெழுத்தான தேதி, மற்றது காலம் தொடங்கும் தேதி. கணக்குக்கு எடுக்க வேண்டியது இரண்டாவது. எடுத்துக்காட்டாக, 1988 பிப்ரவரியில் கையெழுத்தான லீஸில் ‘1985 ஜூன் 24 முதல் 125 ஆண்டுகள்’ என்று எழுதியிருந்தால், அது முடிவது 2110 ஜூனில். கட்டடத்தில் எல்லா ஃபிளாட்டும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்பதற்காக இப்படி எழுதுவது வழக்கம். கையெழுத்துத் தேதியை வைத்து எண்ணியவர் தனக்கு இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் அவகாசம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். 80 ஆண்டு மீதி என்ற கோட்டை (அடுத்த பகுதியில் விளக்குகிறோம்) ஒட்டி நிற்பவருக்கு அந்தத் தவறு ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் தின்றுவிடும்.

பத்திரத்தைக் கையில் எடுத்த அன்றே இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். கிரவுண்ட் ரென்ட் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எப்படி ஏறுகிறது என்பது முதலாவது. இணைத்துள்ள பிளானில் சிவப்புக் கோட்டுக்குள் என்னென்ன அடங்குகிறது என்பது அடுத்தது: மாடி அறை, கார் நிறுத்துமிடம், தோட்டத் துண்டு எல்லாம் லீஸுக்குள் இருக்கிறதா, இல்லை வெறும் பயன்பாட்டு அனுமதிதானா? மூன்றாவது, ரெஜிஸ்டரில் உள்ள பெயர்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டியிருக்கிறது. ரெஜிஸ்டரில் தகப்பன் பெயர் முன்னே ஒரு எழுத்துக்கூட்டலில் இருக்கும், பாஸ்போர்ட்டில் பின்னே வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், புதிய லீஸ் கேட்டு ஃப்ரீஹோல்டருக்கு அனுப்பும் சட்ட நோட்டீஸ் இருவர் பெயரிலும் போக வேண்டும். ஒருவர் கொழும்பிலோ சென்னையிலோ இருந்தாலும் விதி அதுதான். ரெஜிஸ்டரில் உள்ள தொடர்பு முகவரி பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு லேண்ட் ரெஜிஸ்ட்ரி கட்டணம் வாங்குவதில்லை.

80 ஆண்டு என்ற கோடு

ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்கும் விலையைப் பிரீமியம் என்கிறார்கள். அதில் மூன்று கூறுகள் உண்டு. அவர் இழக்கப்போகும் கிரவுண்ட் ரென்டின் இன்றைய மதிப்பு ஒன்று. லீஸ் முடிந்து ஃபிளாட் அவர் கைக்கு வர வேண்டியது 90 ஆண்டு தள்ளிப்போவதற்கான ஈடு இன்னொன்று. மூன்றாவது மேரேஜ் வேல்யூ. லீஸ் நீள்வதால் சொத்தின் மொத்த மதிப்பு கூடுகிறதல்லவா, அந்தக் கூடுதலில் பாதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் மீதிக் காலம் 80 ஆண்டுக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் இந்த மூன்றாவது கூறு முழுதாக இல்லாமல் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். ஃப்ரீஹோல்டாக இருந்தால் 3,50,000 பவுண்டு பெறும் ஒரு ஃபிளாட், ஆண்டுக்கு 100 பவுண்டு மாறாத கிரவுண்ட் ரென்ட் என்று வைத்துக்கொள்வோம். மீதி 81 ஆண்டு. எதிர்கால வாடகை இழப்பை ஆண்டுக்கு 7 சதவீதம் கழித்து இன்றைய மதிப்பாகக் கணக்கிட்டால் சுமார் 1,420 பவுண்டு. தள்ளிப்போகும் உரிமைக்கு 5 சதவீதத்தில் சுமார் 6,640. மொத்தம் 8,060 பவுண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அதே ஃபிளாட் மூன்றாண்டு கழித்து, 78 ஆண்டு மீதியில். முதல் இரண்டு கூறுகளும் சேர்ந்து சுமார் 9,110. இங்கே மேரேஜ் வேல்யூ உள்ளே வருகிறது. நீட்டிய லீஸின் மதிப்பு ஃப்ரீஹோல்டில் 99 சதவீதம், நீட்டாத 78 ஆண்டு லீஸின் மதிப்பு 90 சதவீதம் என்று எடுத்தால், வித்தியாசம் 31,500; அதில் முதல் இரண்டு கூறுகளின் 9,110ஐக் கழித்தால் கூடும் மதிப்பு ஏறத்தாழ 22,390. அதில் பாதி 11,195. ஆக மொத்தம் 20,300 பவுண்டு. மூன்றாண்டுத் தாமதத்தின் விலை 12,000 பவுண்டுக்கு மேல்.

இதில் 5 சதவீதம் என்ற விகிதம் 2000களின் பிற்பகுதியில் உயர் நீதிமன்றங்கள்வரை போன ஸ்போர்டெல்லி வழக்கில் நிலைபெற்றது, ஃபிளாட்களுக்குப் பொதுவாக அதையே எல்லோரும் எடுக்கிறார்கள். சண்டை நடப்பது அந்த 90 சதவீதத்தின் மேல்தான். குறுகிய லீஸ் முழு மதிப்பில் எத்தனை சதவீதம் பெறும் என்பதற்குப் பல கிராஃப் வரைபடங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் சர்வேயர் (சொத்து மதிப்பீட்டாளர்) ஒன்றைக் காட்டுவார், ஃப்ரீஹோல்டரின் சர்வேயர் இன்னொன்றைக் காட்டுவார். இரண்டு சதவீதம் மாறினாலே நம் எடுத்துக்காட்டில் 3,500 பவுண்டு வித்தியாசம்.

புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கலாமா?

2024 மே 24இல் அரச ஒப்புதல் பெற்ற லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தில் 90க்குப் பதில் 990 ஆண்டு, மேரேஜ் வேல்யூ ஒழிப்பு, எதிர்த்தரப்புச் செலவிலிருந்து பெருமளவு விடுதலை என்று நல்ல விஷயங்கள் பல இருக்கின்றன. ஆனால் சட்டம் நிறைவேறியதும் எல்லாம் தானாக அமலுக்கு வந்துவிடவில்லை. ஒவ்வொரு பிரிவையும் அரசு தனித்தனியாகத் தொடங்கிவைக்க வேண்டும். வாங்கி இரண்டாண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31இல் நீங்கிவிட்டது. மேரேஜ் வேல்யூ ஒழிப்பு போன்ற பெரிய பிரிவுகள் வேறு, அவற்றுக்குத் துணை விதிகள் தேவை. நோட்டீஸ் கொடுக்கும் வாரத்தில் எந்தப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது என்று சொலிசிட்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கருத்து இது. 80 முதல் 83 ஆண்டு மீதியிருப்பவர் காத்திருக்க வேண்டாம். வராமலும் போகக்கூடிய ஒரு சலுகையை நம்பி, இப்போது கையில் இருக்கும் சலுகையை இழப்பது சரியல்ல. 90க்கு மேல் இருப்பவருக்கு அவசரம் இல்லை. 80க்குக் கீழே போய்விட்டவர், விற்கவும் மோர்ட்கேஜ் மாற்றவும் அருகில் திட்டம் இல்லையென்றால் காத்துப் பார்க்கலாம். ஆனால் புதிய முறையில் கணக்கு விகிதங்களை அரசே நிர்ணயிக்கும். அந்த விகிதம் இப்போதுள்ள 5 சதவீதத்தைவிடக் குறைவாக அமைந்தால் இரண்டாவது கூறு ஏறும். மேரேஜ் வேல்யூ போனாலும் மிச்சம் எதிர்பார்த்த அளவு இருக்காது. விற்கப்போகிறவருக்குத் தேர்வே இல்லை: மீதி 70 ஆண்டுக்குக் கீழே போனால் பல வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும், ரொக்கத்தில் வாங்குகிறவர் விலையை அடித்துப் பேசுவார்.

பேசி முடிப்பதா, நோட்டீஸ் கொடுப்பதா?

ஃப்ரீஹோல்டரிடம் நேரே பேசி முடிக்கும் வழியும் உண்டு. சில நேரம் விரைவாகவும் மலிவாகவும் முடியும். ஆனால் அந்த வழியில் சட்டத்தின் பாதுகாப்பு எதுவும் இல்லை. அவர் எந்த நாளிலும் பேச்சை நிறுத்திவிடலாம், விலையை ஏற்றலாம். 90 ஆண்டு சேர்ப்பதற்குப் பதில் ‘மொத்தம் 99 ஆண்டாக்கித் தருகிறேன்’ என்பார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கும். 75 ஆண்டு மீதியிருப்பவருக்குக் கிடைப்பது அதில் 24 ஆண்டுதான், அடுத்த தலைமுறை இதே வேலையை மறுபடி செய்ய வேண்டும்.

கிரவுண்ட் ரென்டிலும் கண் வையுங்கள். 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ள கிரவுண்ட் ரென்ட் சட்டப்படி, பேசி நீட்டும் லீஸில் கூடுதலாகச் சேரும் காலத்துக்கு வாடகை வாங்க முடியாது. ஆனால் பழைய லீஸில் மீதியுள்ள ஆண்டுகளுக்குப் பழைய வாடகை தொடரலாம். நோட்டீஸ் வழியில் போனால் முதல் நாளிலிருந்தே வாடகை பூஜ்யம். பத்திரத்தில் அது ‘பெப்பர்கார்ன்’ என்று இருக்கும். இதற்கு மேல், பேசி எழுதும் பத்திரத்தில் வாடகைக்கு விட அனுமதிக் கட்டணம், செல்லப் பிராணிக்கு அனுமதிக் கட்டணம் என்று புதிய விதிகள் நுழைந்துவிடும். நோட்டீஸ் வழியில் பழைய விதிகளே தொடர வேண்டும், மாற்றத்துக்கு இடம் மிகக் குறைவு.

இரண்டையும் சேர்த்தும் செய்யலாம், அதுதான் நல்லது. முதலில் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். பிரீமியம் கணக்கிடும் நாள் அந்த நோட்டீஸ் நாளில் நின்றுவிடும், பிறகு எத்தனை மாதம் பேசினாலும் 80 ஆண்டுக் கோடு உங்களைத் தாண்டாது. அதன்பின் சௌகரியமாகப் பேசுங்கள்.

உரிமை யாருக்கு?

லீஸ் முதலில் எழுதப்பட்டபோது 21 ஆண்டுக்கு மேல் இருந்திருந்தால், நீங்கள் ரெஜிஸ்டரில் உரிமையாளராக இருந்தால், பெரும்பாலும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் அங்கே குடியிருக்க வேண்டும் என்பதில்லை, வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுக்கும் பொருந்தும். நேஷனல் டிரஸ்ட் சொத்துகளும் சில அறக்கட்டளை வீடுகளும் விலக்கு. பாதி விலை கொடுத்துப் பாதிக்கு வாடகை கட்டும் ஷேர்டு ஓனர்ஷிப் ஃபிளாட் என்றால், முழுப் பங்கையும் வாங்கியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தும் இருக்கலாம். சொலிசிட்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

‘எங்களிடம் ஃப்ரீஹோல்டிலேயே பங்கு இருக்கிறது, கவலை இல்லை’ என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பங்கு இருந்தாலும் உங்கள் ஃபிளாட்டின் லீஸ் தனியாகத் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது, வாங்குகிறவரின் வங்கி பார்ப்பது அந்த லீஸைத்தான். மற்றப் பங்காளிகள் ஒத்துக்கொண்டால் பிரீமியம் இல்லாமல், சொலிசிட்டர் செலவோடு எல்லோருமே 999 ஆண்டு எழுதிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டாரோடு உறவு சுமுகமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது.

யாரிடம் கேட்பது?

சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்பு) பில் அனுப்பும் கம்பெனி வேறு, ஃப்ரீஹோல்டர் வேறு. சில கட்டடங்களில் ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் நடுவே ஹெட் லீஸ் (ஃப்ரீஹோல்டரிடமிருந்து நேரே பெற்ற மேல் லீஸ்) வைத்திருக்கும் இன்னொருவர் இருப்பார். 90 ஆண்டு கூட்டிக் கொடுக்கும் அளவுக்கு நீளமான உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிய லேண்ட்லார்ட். நோட்டீஸ் அவருக்குப் போக வேண்டும். உங்கள் லீஸில் கையெழுத்திட்ட மேனேஜ்மென்ட் கம்பெனிக்கும், நடுவில் உள்ளவருக்கும் நகல் போக வேண்டும். ஆளை மாற்றி அனுப்பிய நோட்டீஸ் செல்லாது.

இதற்குக் கட்டடத்தின் ஃப்ரீஹோல்ட் டைட்டிலையும், ஹெட் லீஸ் இருந்தால் அதன் டைட்டிலையும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நோட்டீஸுக்கு முன் 1993 சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் தகவல் கேட்டுக் கடிதம் அனுப்பலாம், 28 நாளில் பதில் தர வேண்டும். இந்தக் கடிதம் உங்களை எதற்கும் கட்டுப்படுத்தாது. ஃப்ரீஹோல்டரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றாலும் வழி உண்டு: கவுன்டி கோர்ட்டில் மனுப் போட்டு, கோர்ட் வழியாகவே புதிய லீஸ் பெறலாம்.

ஆட்களும் பணமும்

வீடு வாங்கும்போது வேலை செய்த சொலிசிட்டரே போதும் என்று நினைக்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை 42ஆம் பிரிவு நோட்டீஸ் (புதிய லீஸ் கேட்கும் நோட்டீஸ்) கொடுக்கிறார், விலைத் தகராறைத் தீர்க்கும் ட்ரிப்யூனல்வரை போயிருக்கிறாரா என்று கேளுங்கள். லீஸ் நீட்டிப்பில் பயிற்சியுள்ளவர்களின் அமைப்பான அலெப்பில் உறுப்பினரா என்பதும் ஓர் அடையாளம். சர்வேயர், அவர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸில் பதிவு பெற்றவராகவும், உங்கள் பகுதி விலைகளை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். முதல் கட்ட மதிப்பை அறிய அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸின் இணையதளக் கணிப்பான் உதவும், கட்டணம் இல்லை. அதை வைத்து மனதைத் தயார் செய்யலாம், நோட்டீஸில் எழுதும் தொகையைச் சர்வேயரிடம்தான் கேட்க வேண்டும்.

அவரிடம் இரண்டு எண்கள் கேளுங்கள்: நோட்டீஸில் எழுத வேண்டிய தொடக்கத் தொகை, கடைசியில் முடியக்கூடிய வரம்பு. நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ சொந்தச் செலவில் செய்த மேம்பாடுகளின் மதிப்பைப் பிரீமியத்தில் சேர்க்கக் கூடாது. மாடியை அறையாக்கியது, புதிதாக மத்திய வெப்ப அமைப்பு போட்டது போன்றவற்றுக்கு ரசீதும் அனுமதிக் கடிதமும் இருந்தால் எடுத்து வையுங்கள். அவர் வீட்டைப் பார்க்க வரும் நாளில் கொடுங்கள்.

எதிர்த்தரப்பின் சர்வேயருக்கும் சொலிசிட்டருக்கும் நியாயமான செலவை இப்போதைய விதிப்படி நீங்களே ஏற்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டாலும் அதுவரையான செலவு உங்களுடையது. ட்ரிப்யூனலில் வாதாடும் செலவு மட்டும் அவரவருக்கு. வாட் வரியோடு, பிரீமியம் நீங்கலாக, 4,000 பவுண்டு சுற்றி ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. லண்டன் நடுப்பகுதியில் கூடும். அவர்கள் தரப்பு பில் அநியாயமாகத் தெரிந்தால் அதையும் ட்ரிப்யூனலில் எதிர்க்கலாம்.

நோட்டீஸ்

42ஆம் பிரிவு நோட்டீஸில் இருக்க வேண்டியவை: உரிமையாளர்களின் முழுப் பெயர், ஃபிளாட்டின் விவரமும் முகவரியும், அத்தோடு சேர்ந்த கராஜ், தோட்டம் முதலியவை, பழைய லீஸின் தேதி, தொடங்கும் நாள், காலம், நீங்கள் தர முன்வரும் பிரீமியம், நடுவில் ஹெட் லீஸ் வைத்திருப்பவர் இருந்தால் அவருக்குத் தரும் தொகை, புதிய லீஸின் விதிகள், உங்கள் சார்பில் செயல்படுபவரின் பெயர், முகவரி, லேண்ட்லார்டின் பதில் நோட்டீஸுக்கான கடைசித் தேதி. அந்தக் கடைசித் தேதி நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. தபாலில் தாமதமாகிச் சேர்ந்தால் அவகாசம் இரண்டு மாதத்துக்கும் கீழே போய்விடும், நோட்டீஸே செல்லாமல் போகும். அதனால் பத்துப் பதினைந்து நாள் தாராளமாகக் கூட்டி எழுதச் சொல்லுங்கள்.

தொகையைக் குறைவாக எழுதலாம், பேரத்துக்கு இடம் வேண்டும். ஆனால் ஒப்புக்குச் சில நூறு பவுண்டு என்று எழுதினால், உண்மையான முன்மொழிவு இல்லை என்று நோட்டீஸைச் செல்லாததாக்க வழியுண்டு. சர்வேயர் முகம் சுளிக்காமல் நியாயப்படுத்தக்கூடிய கீழ் எல்லை எதுவோ, அதை எழுதுங்கள். லேண்ட்லார்ட் குறித்த தேதிக்குள் பதில் தரவில்லை என்றால் நீங்கள் எழுதிய அதே தொகைக்குப் புதிய லீஸ் கேட்டு ஆறு மாதத்துக்குள் கோர்ட் போகலாம். அப்படி நடந்த வழக்குகள் இருக்கின்றன. அந்த வாய்ப்பு எப்போதாவதுதான் வரும், வரும்போது அந்த எண் நல்ல எண்ணாக இருக்கட்டும்.

அனுப்பியதும் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சொலிசிட்டர் அன்றே லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஃப்ரீஹோல்ட் டைட்டிலின் மேல் இந்த நோட்டீஸைப் பதிய வேண்டும். நடுவில் ஃப்ரீஹோல்ட் வேறு கைக்கு விற்கப்பட்டால் புதியவரையும் அது கட்டுப்படுத்தும். பதியாமல் விட்ட நோட்டீஸ், விற்பனைக்குப் பிறகு பயனற்றுப் போகலாம்.

அதன்பின் வரும் தேதிகள்

லேண்ட்லார்ட் 21 நாளுக்குள் உங்கள் உரிமைக்குச் சான்று கேட்கலாம், நீங்கள் 21 நாளில் காட்ட வேண்டும். முன்பணம் கேட்டால், நோட்டீஸில் எழுதிய பிரீமியத்தில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, எது பெரிதோ அதை 14 நாளில் கட்ட வேண்டும். 20,000 பவுண்டு எழுதியவர் 2,000 பவுண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். அவர்கள் சர்வேயர் வீட்டைப் பார்க்க மூன்று நாள் முன்னறிவிப்போடு வரலாம்.

பதில் நோட்டீஸில் உங்கள் உரிமையை ஒத்துக்கொண்டு, வேறு தொகை கேட்பார்கள். அந்தத் தொகையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நீங்கள் கீழே தொடங்கியதுபோல் அவர்கள் மேலே தொடங்குகிறார்கள். இரண்டு சர்வேயர்களும் பேசி நடுவில் எங்காவது முடிப்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

முடியாவிட்டால், பதில் நோட்டீஸ் வந்து இரண்டு மாதம் கழிந்ததும் ட்ரிப்யூனலில் மனுப் போடலாம். இங்கிலாந்தில் அது ஃபர்ஸ்ட்-டியர் ட்ரிப்யூனலின் சொத்துப் பிரிவு, வேல்ஸில் லீஸ்ஹோல்ட் வேல்யூவேஷன் ட்ரிப்யூனல். பதில் நோட்டீஸ் வந்து ஆறு மாதத்துக்குள் போட்டே ஆக வேண்டும். நல்லபடியாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதுதான் பலர் இந்தத் தேதியை மறந்துவிடுகிறார்கள். ‘அடுத்த வாரம் முடித்துவிடலாம்’ என்று எதிர்த்தரப்பு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆறாவது மாதம் கடந்துபோகும். அந்த நாள் தாண்டினால் நோட்டீஸை நீங்களே திரும்பப் பெற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 12 மாதம் புதிய நோட்டீஸ் கொடுக்க முடியாது, அவர்கள் செலவைக் கட்ட வேண்டும், மறுபடி கொடுக்கும்போது பிரீமியம் அன்றைய மீதிக் காலத்தின்படி. 80.5 ஆண்டில் நோட்டீஸ் கொடுத்தவர் இப்படி 79க்கும் கீழே வந்து மேரேஜ் வேல்யூ கட்ட நேரும். பேச்சு எவ்வளவு இனிமையாகப் போனாலும் ஐந்தாவது மாதத்தில் மனுவைப் போட்டுவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான மனுக்கள் விசாரணைக்கு வருமுன்னே பேசி முடிந்துவிடுகின்றன, மனுப் போட்டதால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

இன்னொரு தேதி இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. தொகையும் விதிகளும் ஒத்துவந்த பிறகு புதிய லீஸ் கையெழுத்தாக இரண்டு மாதம். ஆகவில்லை என்றால் அடுத்த இரண்டு மாதத்துக்குள் கவுன்டி கோர்ட்டுக்குப் போக வேண்டும். மொத்தம் நான்கு மாதம். அதையும் தவறவிட்டால், விலை பேசி முடித்த பிறகும் எல்லாம் வீண். பிரீமியத்துக்குக் கடன் ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் விலை முடியும்வரை காத்திராமல் நோட்டீஸ் கொடுத்த வாரத்திலேயே வங்கியிடம் பேசத் தொடங்குவது இதனால்தான்.

வாங்கும்போதோ விற்கும்போதோ

லீஸ் குறைந்த ஃபிளாட்டை வாங்குகிறவர் இப்போது இரண்டாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறிய பிறகுதான் நீங்கள் நோட்டீஸ் கொடுக்க முடியும். அந்தப் பதிவுக்கே பல மாதம் ஆகலாம். மீதிக் காலம் 80 ஆண்டை நெருங்கியிருந்தால், விற்பவரையே நோட்டீஸ் கொடுக்கவைத்து, விற்பனையோடு அதன் உரிமையையும் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். அந்த மாற்றம் லீஸ் கைமாறும் அதே நாளில், எழுத்தில் நடக்க வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நோட்டீஸ் அங்கேயே இறந்துவிடும்.

முடிக்கும் நாள்

பிரீமியத்தோடு சர்வீஸ் சார்ஜ், கிரவுண்ட் ரென்ட் நிலுவைகளையும் தீர்க்க வேண்டியிருக்கும். தகராறில் உள்ள பில் ஏதேனும் இருந்தால் முன்கூட்டியே சொலிசிட்டரிடம் சொல்லுங்கள், கடைசி நாளில் அது வந்து குறுக்கே நிற்கும். சட்ட வழியில் எழுதும் புதிய லீஸின் மேல் உங்கள் மோர்ட்கேஜ் தானாகவே தொடரும். பேசி எழுதும் லீஸில் அப்படி இல்லை, வங்கியின் ஒப்புதலை முன்பே வாங்க வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி பெரும்பாலோருக்கு வராது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு வைத்திருப்பவர் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுக்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பிரீமியம் கட்டுகிறார் என்றால், கூடுதல் விகிதம் பொருந்துமா என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

புதிய லீஸ் பதிவானதும் பழைய டைட்டிலை மூடிவிட்டு, பெரும்பாலும் புதிய எண்ணில் டைட்டில் திறப்பார்கள். அந்த ரெஜிஸ்டரை எடுத்து, கால அளவு, வாடகை, உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டல், மோர்ட்கேஜ் பதிவு ஆகிய நான்கையும் புதிய பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டடக் காப்பீட்டை நிர்வகிக்கும் கம்பெனிக்கும், வாடகை பில் அனுப்பும் ஏஜென்டுக்கும் புதிய லீஸின் நகலை அனுப்பி, இனி கிரவுண்ட் ரென்ட் இல்லை என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய கணக்கின்படி அடுத்த அரையாண்டுக்கும் பில் வந்தால், பதிவான தேதியைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பினால் போதும்.